ஆணி ஒன்று, படம் இரண்டு

ஜூலை 6, ஞாயிறு

தூறல். துணி காயவில்லை. வீடு முழுக்க பெயின்ட் வாடை, தலைவலி.

ஓனரம்மா ஒருவழியாக பெயின்ட் வேலையை முடித்துவிட்டார். பழைய ஆணி எல்லாவற்றையும் பிடுங்கி, ஓட்டைகளை அடைத்து, வழவழவென்று சந்தனக் கலர். அழகுதான். கூடவே ஒரு உத்தரவு. "ஒந்தே மொளெ மல்லிகா. ஹால்ல ஒண்ணே ஒண்ணு ஆணி. ரெண்டாவது அடிச்சா நான் சும்மா இருக்கமாட்டேன்." கீழ் வீட்டில் உட்கார்ந்தபடியே சுத்தியல் சத்தத்தை எண்ணக்கூடிய ஆள். ஆகவே ஒரே ஆணி. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில்.

ஆணி கேட்டு வரிசையில் நின்றவர்கள்:
முருகன்
காலண்டர்
நித்யாவின் கண்ணாடி
பூப்படம்
அவர் போட்டோ

முருகனை ஃபிரிட்ஜ் மேல் உட்கார வைத்தாயிற்று. காலண்டர் பீரோ கைப்பிடியில். கண்ணாடி பாத்ரூம் ஜன்னலில், மகள் நித்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மிச்சம் இரண்டு.

பூப்படம் என் வீட்டுக்காரர் கையால் அச்சடித்தது. பெங்களூர் பீன்யாவில் பிரஸ் நடந்த காலத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் காலண்டர் வேலை வந்தது. பழைய காலத்து டச்சு ஓவியங்கள், பன்னிரண்டு மாசமும் பூ ஜாடி. இந்த ஒன்றுக்கு மட்டும் பின்னால் உள்ள கறுப்பு சரியாக விழவில்லை என்று மூன்று நாள் மெஷினை விட்டு நகரவில்லை. பார்ட்டி ஓகே சொன்னதும் ஒரு ஷீட்டைச் சுருட்டி எடுத்துவந்து பிரேம் போட்டார். ஓரத்தில் மை சரிபார்க்க அச்சடித்த கலர் பட்டையை வெட்டிவிடட்டுமா என்று பிரேம் கடைக்காரன் கேட்டதற்கு, "அத வெட்டினா என் கைய வெட்டின மாதிரி" என்றார். அதனால் டச்சுக்காரனின் பூவுக்குக் கீழே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று சதுரம் சதுரமாக இன்றும் இருக்கிறது.

போட்டோ, போலீஸ் ஸ்டேஷனில் கேட்டார்கள் என்று பெரிதாகப் போட்டது. போன செப்டம்பரில் பால் வாங்கப் போனவர், இன்னும் வரவில்லை. போன் சார்ஜரிலேயே இருந்தது. ஐம்பத்தாறு வயதில் மறதி நோய் வரும் என்று யார் கண்டார்கள். பத்து மாதமாக போட்டோ பீரோவுக்குள், புடவைக்கு அடியில். போன வாரம் அவர் மூக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். சட்டென்று வரவில்லை. மறக்கிற வியாதி அவருக்குத்தானே.

இரண்டும் வேண்டும். ஆணி ஒன்று. பூப்படத்தை ஆணியில் மாட்டி, அதன் பிரேமுக்கு அடியில் இரண்டு கொக்கி திருகி, கம்பி கட்டி அவரைத் தொங்கவிட்டேன். ஓனரம்மா சட்டத்துக்கு உட்பட்டது. சாய்வாக நின்றது, மூன்று தடவை சரிசெய்தேன். மேலே பூ, கீழே அவர். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

டியூப்லைட் வெளிச்சம் படத்தின் கண்ணாடியில் விழுந்து பூ தெரியவில்லை. லைட்டை அணைத்தால் கறுப்புக்குள்ளிருந்து ஒவ்வொரு பூவாக வெளியே வருகிறது. அணைத்துவிட்டு டீயோடு உட்கார்ந்தேன், பத்து நிமிஷம். இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த பத்து நிமிஷம் அதுதான்.

பதினாறு வருஷமாக கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. கண் குறையைத்தான் முதலில் தேடும். சட்டையில் பிழை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, திருத்த அனுப்புவோம். இந்தப் படத்துக்கு ஒட்டினால்:
இலையில் பூச்சி தின்ற ஓட்டை, 3
உதிர்ந்த இதழ், 2
தண்டு ஒடிந்தது, 1
நத்தை, கம்பளிப்பூச்சி, ஈ

படம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவரிடம் சொன்னேன், எங்கள் ஃபேக்டரியில் இது ரிஜெக்ட் என்று. சிரித்தார். "இந்தப் பூவெல்லாம் ஒரே நேரத்துல பூக்காது, தெரியுமா? ஒண்ணு குளிர்ல, ஒண்ணு வெயில்ல. அந்தாளு ஒவ்வொண்ணும் பூக்குற வரைக்கும் காத்திருந்து காத்திருந்து வரைஞ்சு, எல்லாத்தையும் ஒரே ஜாடியில வெச்சிருக்கான்." பாக்கெட்டில் எப்போதும் ஒரு சின்ன லென்ஸ். பிஸ்கட் கவரைக்கூட அதில் பார்ப்பார், புள்ளியெல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று. போகும்போதும் லென்ஸ் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. போனை வைத்துவிட்டு லென்ஸை எடுத்துப் போன மனுஷன்.

சாயங்காலம் ஓனரம்மா சுவரைப் பரிசோதிக்க வந்தார். படத்தில் இருந்த ஈயைப் புடவைத் தலைப்பால் விரட்டினார். போகவில்லை. இன்னொரு தடவை விரட்டினார். நித்யா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் சிரித்து எத்தனை நாள்.

பிறகு ஓனரம்மா கீழே இருந்த போட்டோவைப் பார்த்தார். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை, காற்று. கேஸ் வந்தது. சிலிண்டர்காரர் வாசலில் இறக்கிவிட்டு நிமிர்ந்தார், சுவரைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். "எப்பம்மா?" என்றார். என்ன எப்போது என்று கேட்டேன். "சார்... தவறிட்டாங்களே."

அப்போதுதான் நானும் வாசலில் நின்று அந்த ஆள் கண்ணால் பார்த்தேன். மேலே இவ்வளவு பூ. கீழே ஒற்றை ஆளாக ஒரு முகம், நெஞ்சு வரைக்கும். யார் பார்த்தாலும் அதுதான் தோன்றும். நம் ஊரில் உயிரோடு இருப்பவன் தனியாகச் சுவரில் தொங்குவதில்லையே.

சாகவில்லை, காணவில்லை என்றேன். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி. எப்போது, எங்கே, குடியா, சண்டையா, ஸ்டேஷனில் என்ன சொன்னார்கள், சோழி போட்டுப் பார்த்தீர்களா. சிலிண்டர் வாசலிலேயே. கால் மணி நேரம்.

செத்தவனுக்கு ஒரு "ஐயோ பாவம்" போதும். காணாமல் போனவனுக்கு முழுக் கதை வேண்டும் ஜனங்களுக்கு.

ஜூலை 10, வியாழன்

கூரியர் பையன், மாடி வீட்டு அம்மா, தண்ணீர் கேன். இன்று மூன்று பேர். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

நித்யா வீட்டிலிருந்தே கஸ்டமர் கேர் வேலை பார்க்கிறாள், காதில் எப்போதும் ஹெட்செட். வாசலுக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் பாதி நேரம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "அம்மா, நான் கஸ்டமரை ஹோல்டுல போட்டுட்டு அப்பா கதைய சொல்லிட்டு இருக்க முடியாது. போட்டோவை கழட்டிடேன்."

கழற்ற மாட்டேன் என்றேன். "யார் வந்தாலும் ஒண்ணும் சொல்லாத. தலைய ஆட்டு, அனுப்பிடு. நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க."

"செத்துட்டார்னு நெனச்சா?"

"நெனச்சிட்டுப் போகட்டும்டி. நம்ம நெனக்கலல்ல."

நல்ல ஏற்பாடு. இன்றைக்குத்தான் தலைவலி இல்லை.

ஜூலை 11, வெள்ளி

ஓனரம்மா வெள்ளிக்கிழமை தட்டோடு மாடிக்கு வந்தார். மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லி. மாடி வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தார். எங்கள் கதவைத் தாண்டும்போது கொலுசை இறுக்கிப் பிடித்த மாதிரி ஓசை படாமல் நடந்தார். தெரிந்தது.

நானும் பத்து மாதமாகப் பூ வைக்கவில்லை. யாரும் சொல்லவில்லை. வைத்தால் ஊர் பேசும், "புருஷன் எங்கேன்னு தெரியல, இவளுக்குப் பூ". வைக்காவிட்டால் நானே அவருக்கு முடிவு எழுதின மாதிரி. வைத்துக்கொள்ளவும் முடியாமல், விடவும் முடியாமல், ஒவ்வொரு நாளும் பூக்காரம்மா இருக்கும் பக்கம் போகாமல் அடுத்த தெரு சுற்றி பஸ் ஸ்டாப் போகிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து பூ இல்லாமல் அவர் என்னைப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் நித்யாவைப் பெற்றுப் படுத்திருந்தபோதும் வாங்கி வந்தார்.

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, சோப்பு, நி.க்கு தைலம், கம்பி (படம் மறுபடி சாய்கிறது).

ஜூலை 13, ஞாயிறு

வெயில்! சிவாஜிநகர் மார்க்கெட் போய்வந்தேன். கால் வலி. கத்தரிக்காய் நன்றாக இருந்தது.

நான் இல்லாதபோது யாரோ வந்தாராம். நி. சொன்னது: "அப்பா கூட பிரஸ்ல வேலை பாத்தவராம். கன்னடக்காரர், தமிழ் பேசினார். வாசல்ல நின்னு உள்ள பாத்தார். அப்படியே நின்னுட்டார். அம்மா இல்லையான்னார், இல்லன்னேன். எனக்கு கால்ல கஸ்டமர் கத்திட்டு இருந்தான். செருப்பைக் கழட்டிட்டு வந்து கும்பிட்டார், அழுதார்மா. உன் நம்பர் வாங்கிட்டுப் போனார்."

"நீ என்ன சொன்ன?"

"நீ சொன்ன மாதிரிதான். தலைய ஆட்டினேன்."

ஒரு டஜன் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேர் கேட்கவில்லை என்றாள். யாராக இருக்கும். அவர் போனில் இருந்த பிரஸ்காரர்கள் எல்லோருக்கும் அப்போதே பேசினேனே, எல்லோருக்கும் காணாமல் போனது தெரியுமே. போகட்டும். கும்பிட்டால் கும்பிடட்டும், ஆயுசு கூடும்.

வாழைப்பழம் நல்ல ருசி. இரண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பேய் மழை. ஹோசூர் ரோட்டில் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. முழங்கால் வரை நனைந்து வீடு வந்தேன்.

மழை பெய்தால் மட்டும் நினைப்பு தாங்க முடிவதில்லை. எந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறாரோ. கூரை என்று ஒன்று இருக்கிறதோ. ஜலதோஷம் பிடித்தால் நெஞ்சில் கட்டும் அவருக்கு.

புதுச் சுவரில் ஓதம். படத்துக்குப் பின்னால் துணி வைத்தேன்.

ஜூலை 19, சனி

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

சாப்பாட்டு நேரம், கேன்டீன். தெரியாத நம்பர். "அக்கா, நான் பசவராஜு. செல்வண்ணா மெஷின்ல பேப்பர் போடுற வேலைல இருந்தேன், அஞ்சு வருஷம் முன்னாடி. போன ஞாயித்துக்கிழமை வந்தேன், பாப்பா இருந்தாங்க."

வாழைப்பழத்துக்கு நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"கார்யம் எந்த நாள் வெச்சிருக்கீங்க அக்கா? ஃபேக்டரில லீவு சொல்லணும், அதுக்குத்தான்."

என்ன காரியம்?

"அண்ணாவுது."

அண்ணன் சாகவில்லை, போன செப்டம்பரிலிருந்து காணவில்லை என்றேன். வழக்கமான வாக்கியம். சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அந்த ஆள் அழுகிற சத்தம்.

"அய்யோ தேவரே. அக்கா, நான் பாத்தேன் அக்கா. அதுக்கு முந்தின வியாழக்கிழமை, சந்தாபுரால, டீக்கடை பெஞ்சுல. தாடி. என்னை யாருன்னே தெரியல. மெஷின் ஓடிட்டு இருக்கு போவணும்னார். டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தேன். ஷிஃப்டு பஸ் வந்துட்டுது. வீட்ல இருந்து வெளிய வந்து சுத்திட்டு இருக்கார், உங்களுக்குச் சொல்லணும்னுதான் ஞாயித்துக்கிழமை வந்தேன். வந்தா போட்டோ. மேல பூ. மூணு நாள்ல போய்ட்டாரான்னு நெனச்சேன். அழுதுட்டு இருக்கற வீட்ல, அவரை ரோட்டுல பாத்தேன்னு எப்படி அக்கா சொல்றது?"

சொல்ல வந்தவர். வாசல் வரை வந்தவர். என் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பர்மிஷன் போட்டுவிட்டு சந்தாபுராவுக்கு ஓடினேன். நி.யும் வந்தாள். பசவராஜு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். பெஞ்சு இருந்தது. அவர் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று விட்டதை எழுதுகிறேன்.

டீக்கடைக்காரர் தர்மபுரிப் பக்கம். போட்டோவைக் காட்டியதும் சொல்லிவிட்டார். "இவரா, தெரியுமே. ரெண்டு வாரம் இங்கதான் இருந்தாரு. தொந்தரவு கிடையாது. கடை முன்னாடி படுத்துக்குவாரு. சின்னக் கண்ணாடி ஒண்ணு வெச்சிருப்பாரு, பேப்பர்ல கலர் படம் வந்தா அத கண்ணுகிட்ட வெச்சு பாத்துக்கிட்டே இருப்பாரு. சரியில்ல, சரியில்லன்னு சொல்லுவாரு."

அவரேதான். உலகத்தில் வேறு யார்.

எது வரைக்கும் இருந்தார் என்று நி. கேட்டாள்.

"செவ்வாக்கெழமை பெருமழை பாருங்க, அன்னிக்கு வரைக்கும். ஒரே இருமல். மழை விட்டதும் எழுந்து நடந்தாரு. ஆனேக்கல் பக்கமா, ஹோசூர் பக்கமா, நான் கவனிக்கலம்மா."

ஞாயிற்றுக்கிழமை இருந்தாரா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஞாயித்துக்கெழமை இங்கதான் உக்காந்திருந்தாரு, நாள் பூரா. நல்ல வெயில். வெயில் காஞ்சாரு."

நான் அன்றைக்குக் கத்தரிக்காய் வாங்கினேன். அவர் பெஞ்சில் வெயில் காய்ந்தார். சொல்ல வந்த ஆளுக்கு என் பெண் தலையாட்டினாள், நான் சொல்லிக் கொடுத்தபடி. ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று நாள் இருந்தது கையில். நான் வாழைப்பழம் தின்றேன்.

பஸ்ஸில் நி. ஒரே வார்த்தைதான் சொன்னாள். "நான் வாயைத் தொறந்திருக்கணும்மா." நீ என்னடி செய்வாய், வாயை மூடச் சொன்னவள் நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஸ்டாப் நீலசந்திரா வரும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பூப்படத்தைக் கழற்றினேன். உடைத்துப் போடு என்றாள் நி. ஓங்கினேன். கலர் பட்டை கண்ணில் பட்டது. கட்டிலுக்குப் பின்னால், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டேன். ஆணியில் அவர் மட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

லீவு. சம்பளம் இல்லாத லீவு, போகட்டும்.

பார்த்த இடங்கள்:
சந்தாபுரா ஸ்டேஷன். எழுதிக்கொண்டார்கள்.
ஆனேக்கல் ஆஸ்பத்திரி. இல்லை. அந்த இன்னொரு அறையும் காட்டினார்கள். இல்லை.
அத்திப்பள்ளி பஸ் ஸ்டாண்ட், கோவில், மசூதி வாசல், சர்ச் வாசல்.
ஹோசூர். பூ மார்க்கெட் வரை போனேன். லாரி லாரியாக ரோஜா. மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினேன்.

ஒட்டுகிற 'காணவில்லை' நோட்டீஸில் பசவராஜு நம்பரும் போட்டிருக்கிறோம். அவர் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தினமும் ஒரு சுற்று போகிறார். என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்கிறார். உங்கள் மேல் தப்பே இல்லை என்று எத்தனை தடவை சொல்வது. அவர் மரியாதை தெரிந்த மனுஷன். எழவு வீட்டில் என்ன பேசக் கூடாது என்று தெரிந்தவர். வீட்டை எழவு வீடாக்கி வைத்தவள் நான்தான்.

திருத்த வழி இருந்தால் எங்கள் லைனில் பீஸைத் திருப்பி அனுப்புவோம். ஞாயிற்றுக்கிழமையை எந்த லைனுக்குத் திருப்பி அனுப்புவது.

ஜூலை 23, புதன்

பூ இல்லாத சுவர் இன்னும் மோசம். சந்தனக் கலர் நடுவில் அவர் முகம் மட்டும். பூ இருந்தபோது சந்தேகமாவது வரும். இப்போது சந்தேகமே இல்லாத சாவு மாதிரி இருக்கிறது. முருகனைப் போல ஃபிரிட்ஜ் மேல் வைக்கலாம் என்றாள் நி. செய்யலாம். எழுந்திருக்கத் தெம்பு வரட்டும்.

நம்பிக்கை இருக்கிறதா என்று மாடி வீட்டு அம்மா கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். உண்மை. போன மாதம் வரை இருந்தது, ஏனென்றால் ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும். இருமல். மழை. பெஞ்சு காலி.

ஜூலை 24, வியாழன்

அமாவாசை. விடியலிலிருந்து தூறல்.

ஆறு மணிக்கே வாணியம்பாடியிலிருந்து நாத்தனார் போன். "அண்ணி, இன்னிக்கு ஆடி அமாவாசை. அண்ணனுக்கும் சேத்து எள்ளும் தண்ணியும் விட்டுடச் சொல்லலாமா? தப்பா நெனக்காதீங்க. அலையற உசுரா இருந்தா அடங்கும்." தப்பாக நினைக்கவில்லை. அவளும் அழுதாள். வேண்டாம் என்றேன். டீக்கடையில் பார்த்திருக்கிறார்கள் என்றேன். "அது ஆச்சே ஒம்போது நாள்" என்றாள். எண்ணி வைத்திருக்கிறாள்.

கீழே ஓனரம்மா வீட்டில் மணிச் சத்தம். இவர்களுக்கு இன்றைக்குப் பீமன அமாவாசை. பெண்டாட்டி புருஷன் காலைக் கழுவிப் பூ போட்டு, ஆயுசோடு இருக்க வேண்டும் என்று கும்பிடும் நாள். மாடிப்படியில் நின்றால் தெரிகிறது. அந்தப் பெரியவர் கூச்சத்தோடு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே அமாவாசை. எங்கள் ஊரில் செத்தவனுக்கு, இவர்கள் ஊரில் இருக்கிறவனுக்கு. நான் மாடிப்படியில்.

ஏழரைக்குத் தட்டோடு மேலே வந்தார். மாடி வீட்டுக்குக் கொடுத்தார். திரும்பும்போது இன்றைக்கு எங்கள் கதவைத் தாண்டவில்லை. உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். பூப்படம் இல்லாததைப் பார்த்தார்.

"ஹூவில்லாம நோடக்காகல்ல மல்லிகா" என்றார். பூ இல்லாமல் பார்க்க முடியவில்லையாம். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. தட்டில் மிச்சமிருந்த மல்லியை எடுத்து, எக்கி, அவர் போட்டோ மேல் போட்டார். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி இழுத்துவிட்டார். நல்ல மனசு. இந்தத் தெருவில் இவரைவிட நல்லவர் இல்லை.

நி. ஹெட்செட்டோடு எழுந்து நின்றுவிட்டாள். கஸ்டமர் உள்ளே ஹலோ ஹலோ என்கிறான். அவள் வாயைத் திறந்தாள், "ஆன்ட்டி, எங்கப்பா..."

அதற்குள் நான் சுவரிடம் போய்விட்டேன். போட்டோ மேலிருந்து சரத்தை எடுத்தேன். சரியாக உட்காரக்கூட இல்லை அது. ஈரம். ஓனரம்மா பார்க்கப் பார்க்க என் கொண்டையில் சுற்றினேன். ஊசி இல்லை, நி. தன் தலையிலிருந்து கிளிப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"அய்யோ, அது ஹாக்கபாரது" என்று கையை நீட்டினார் ஓனரம்மா. போட்டோவுக்குப் போட்டதை எடுத்து வைக்கக் கூடாதுதான். எனக்குத் தெரியாதா.

"குங்குமத்தக் குடுங்கம்மா" என்றேன்.

போட்டோவைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். பிறகு நீட்டினார்.

போட்டோவை ஆணியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தேன். கட்டிலுக்குப் பின்னாலிருந்து பூப்படத்தை எடுத்து அதே ஆணியில் மாட்டினேன், அது மட்டும். சாய்ந்திருக்கிறது. சாயட்டும்.

எட்டேகாலுக்கு சந்தாபுரா பஸ். அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மல்லி வாசனைக்குப் பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். கிடைப்பார் என்று வைக்கவில்லை. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. அவருக்கு என் பேர் ஞாபகம் இருக்காது, வீடு ஞாபகம் இருக்காது. பூ இல்லாத என்னை அவர் பார்த்ததே இல்லை. எதிரே வந்தால் ஒருவேளை இந்தப் பூவையாவது...